குரோஷா பூப்போட்ட பிக்கப்

எனக்குக் கலைக்கண் உண்டு என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் வடிவமைப்புப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்கே போய் உட்கார்ந்தேன். உங்கள் முதல் படைப்பு எது என்று கேட்டார்கள். ஒரு பழைய பிக்கப் வண்டி என்றேன். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் கிடைக்கவில்லை.

வண்டி என் தாய்மாமாவுடையது. குள்ளஞ்சாவடியிலிருந்து பண்ருட்டி மண்டிக்குப் பலாப்பழம் ஏற்றும். பின்தொட்டித் தகடு துருப்பிடித்து, உள்ளே கையை விட்டால் வெளியே விரல் தெரியும். என் தம்பிக்கு நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் காதுகுத்து வைத்தபோது, தாய்மாமன் சீர் அந்த வண்டியில்தான் வரும் என்று தெரிந்ததும் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பி வண்டில சீர் ஏத்தினா பாதித் தேங்கா குறிஞ்சிப்பாடிலயே எறங்கிக்கும்."

அத்தை வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். மாமா கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு வண்டி வாங்கியவர். ஆகவே பேச்சு தேங்காயோடு நிற்கவில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. போனில் தன் தம்பியிடம் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மாமா தகடு வேலை செய்கிற ஒரு டிங்கர்காரரோடு அந்த வண்டியிலேயே வந்து இறங்கினார். தமிழ்நாடே மின்வெட்டில் புழுங்கிய காலம் அது. குள்ளஞ்சாவடியில் தகடு அறுக்கிற கிரைண்டரைக் கையில் எடுத்தால் கரண்ட் போய்விடும், அனல்மின் நிலையம் உள்ள எங்கள் டவுன்ஷிப்பில் போகாது.

"அக்காவ இந்த ஊர்ல கட்டிக்குடுத்ததுக்கு இன்னிக்குத்தான் பிரயோசனம்" என்றார் மாமா.

துருவை அறுத்தெடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்து, சாயங்காலம் நீலப் பெயின்ட் அடித்தார்கள். "யாரும் கை வைக்காம பாத்துக்க பாப்பா" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

காற்று எழுந்தது. எங்கள் ஊரில் காற்று எழுந்தால் கரித்தூளும் கூடவே எழும். வடகம் காயவைத்து அதன்மேல் துணி போடாத வீடு எங்கள் பிளாக்கில் கிடையாது. ஈரமாகக் காய்கிற எதையும் மூட வேண்டும் என்பது எனக்கு எழுத்துக்கு முன்பே கற்பிக்கப்பட்டது. பீரோவின் அடித்தட்டில், அத்தை குரோஷா ஊசியால் பின்னிக் கொடுத்து அம்மா ஒருநாளும் விரிக்காத சோபா விரிப்பு ஒன்று இருந்தது. எடுத்து வந்து தகட்டோடு சேர்த்து அப்பி, துணிக் கிளிப் மாட்டினேன். அத்தனை ஓட்டை உள்ள விரிப்பு தூளை எப்படித் தடுக்கும் என்று யோசிக்கவில்லை.

மாமா வந்து உரித்தபோது தகடு முழுக்க வரிசையாக ரோஜாப்பூ. இடையிடையே நூல் பிசிறு.

"இத தேச்சி மறுபடி அடிக்கணும்னா நாளைக்கி ராவாயிடும்ணே" என்றார் டிங்கர்காரர்.

"காலைல சீர் எடுக்கணும்யா."

மாமா என்னைப் பார்த்தார். நான் அழத் தயாராக இருந்தேன். "பூ நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நம்பிவிட்டேன்.

மறுநாள் மேளத்தோடு வண்டி வந்தது. மாமா அதை முன்னும் பின்னும் எடுத்து, ரோஜாப்பூ பந்தலைப் பார்க்க, மறுபக்கம் வேலியை ஒட்டினாற்போல நிறுத்தினார். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்கும் வண்டிக்கும் நடுவே நுழைந்து, ஒரு சுற்று சுற்றி வெளியே வந்தார். அம்மா முகம் வெளிறிவிட்டது. அத்தை பூவை விரலால் தடவினார். பிறகு பிளாக் முழுக்கக் கேட்கிற குரலில், "இது என் கைவேலை. சோபாவுக்குப் போட்ட டிசைன வண்டிக்கே போட்டிருக்காங்க. எல்லாரும் இங்க வாங்க, இந்தப் பக்கம் வாங்க" என்றார்.

கூட்டம் வந்து மொய்த்தது. அத்தை பூவின் அருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தம்பியை மடியில் வைத்திருந்த மாமா சிரித்த சிரிப்பில், அவன் காது குத்தப்பட்டு அலறியது யாருக்கும் கேட்கவில்லை. என் கலை இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைத்தது என்று அன்று முடிவுகட்டினேன்.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டில் பேச்சுவாக்கில் கேட்டேன்: அந்தப் பூ அவ்வளவு பிடித்திருந்ததா?

அத்தை மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க மாமா ஒரு பக்கத் தகட்டத்தான மாத்தினான். அந்தாண்டப் பக்கம் ஓட்டை வழியா வாழைப்பழச் சீப்பு எட்டிப் பாத்துக்கினு இருந்துச்சு. நான் இங்க நின்னு கத்தலன்னா அத்தன சனமும் அங்க போயிருக்கும். அவன் மூஞ்சிய எங்க வச்சிக்குவான்?" என்றவர், ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "பூவாம் பூ. சொறி புடிச்ச மாதிரி இருந்துச்சு."