ஆறடித் தகர வேலி

“...எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனா பொட்டு எங்க?” என்றாள் மனைவி.

தோட்டவெளியில் நான் கட்டிய வீட்டை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். வளவைச் சுற்றி ஆறடி உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தேன். அவள் கேட்டது, பக்கத்து வீட்டுக்குப் போய்வர வேலியில் விடுகிற, ஓர் ஆள் குனிந்து நுழையும் இடைவெளியை. எங்கள் பக்கத்தில் பொட்டில்லாத வேலி இல்லை. உப்பு முடிந்தாலும் பெண்கள் அதால்தான் போவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதால்தான் வருவார்கள்.

நான் படித்த இஞ்சினியர் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில், கழித்துப்போட்ட மோட்டர்களைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவன். இப்போது படகு இயந்திரங்கள் திருத்துகிறேன். இஞ்சினியர் என்பது சனம் தந்த பட்டம். பாதி மரியாதை, பாதி நக்கல். “இவன் கை வைச்சா மெசின் ஓடும், ரெண்டு ஆணி மட்டும் மிச்சம் வரும்” என்பார் படகுகள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியார்.

முகாமில் எங்களுக்கு ஒரே அறை. அடுத்த குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஓலைத் தட்டி. மகள் அங்கேதான் பிறந்தாள். விசிறி ஆட்டிக் கை சோர்ந்த மனைவிக்காக, பழைய தையல் மெசினின் மிதியில் ஒரு விசிறியைப் பூட்டிக் கொடுத்தேன். காலால் மிதித்தபடி கையால் சோறு ஊட்டுவாள். அதுதான் என் முதல் கண்டுபிடிப்பு. “ஒருநாளைக்கெண்டாலும் மற்றவையின்ர இருமல் கேக்காமப் படுக்கோணும்” என்று அப்போது அடிக்கடி சொல்லுவாள். அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாடு திரும்பிய பிறகு, மகளின் படிப்புக்காக அவர்கள் இருவரும் வவுனியாவில் மனைவியின் தமக்கை வீட்டில் தங்கினார்கள். நான் தோட்டவெளிக் காணியில் தனியே, வீட்டைக் கட்டிக்கொண்டு. ஆறு வருஷம். ஞாயிறு காலை பஸ் ஏறிப் போவேன், பின்னேரம் திரும்புவேன்.

“வீட்டை எப்பதான் காட்டப் போறியள்?” என்பாள் மனைவி.

“முடியட்டும்.”

அரைகுறை வேலையைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பிடிவாதம் எங்களிடமிருந்து எத்தனை நாட்களைத் தின்றது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். வேலை முடிந்து வந்து தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றிவிடுவேன். பிறகு ஞாபகம் வந்து, ஒன்றைத் திருப்பிக் கேத்தலுக்குள் ஊற்றுவேன். குசினியில் சமைக்கும் மேடையை அவள் நிற்கும் உயரத்துக்குக் கட்டினேன். அளவெடுக்க அவள் பக்கத்தில் இல்லை. அவள் தலை என் தோளில் எங்கே படும் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். சூரியத் தகட்டில் ஓடும் கிணற்று மோட்டருக்கு, தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் தானே நிறுத்தும் மிதவை ஒன்று செய்தேன். எதைச் செய்து முடித்தாலும், அவள் கை அதில் படும் நேரத்தை நினைத்துக்கொண்டு கொஞ்சம் சும்மா நிற்பேன்.

கடைசியாகத்தான் வேலி. தகரம் அடிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கூட்டடியில் நின்று சத்தம் போட்டார்.

“தம்பி இஞ்சினியர், இது வீடோ, ஆமிக் காம்போ?”

“அவ சத்தமில்லாத இடம் வேணுமெண்டவ, அக்கா.”

“ஓம் ஓம், பாவம். உன்னோட மட்டும் கதைச்சுக்கொண்டு இருக்கட்டும்!”

நான் சிரித்தேன். விளங்கவில்லை.

மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததும், மனைவி ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினாள்.

“ரெண்டு நாள் இருந்து பாக்கிறன். சரிவராட்டி வவுனியாவில அக்காவோடயே இருக்கிறன். நீங்கள் வழமைபோல ஞாயிறில வாங்கோ.”

பையை வாங்கிக்கொண்டு குசினிக்குக் கூட்டிப் போனேன். மேடையில் கை வைத்துப் பார்த்தாள். சரியான உயரம். சிரித்தாள். குழாயைத் திறந்து முகம் கழுவினாள். பிறகு வளவைச் சுற்றி நடந்தாள். நடக்க நடக்க முகம் வாடிக்கொண்டு போனது. அப்போதுதான் பொட்டு எங்கே என்று கேட்டாள்.

“நீதானே சொன்னனீ, மற்றவையின்ர இருமல் கேக்கக் கூடாதெண்டு.”

“இஞ்சருங்கோ, அது முகாமில. இஞ்ச நீங்கள் காலமை வேலைக்குப் போனா நான் ஆரோட கதைக்கிறது? தாங்கியோடயோ? எனக்கு விசரெல்லோ பிடிக்கும்!”

தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

“ஆரது, தங்கச்சியோ? வந்திட்டியோ?”

மனைவி என் மெசின் திருத்தும் ஆயுதங்கள் கிடந்த பெட்டியைத் திறந்து, தகரம் வெட்டும் கத்தரியைத் தேடி எடுத்து, குரல் வந்த இடத்தில் போய்க் குந்தி, கீழிருந்து மேலாக வெட்டத் தொடங்கினாள்.