மேல் டிவிசன் வண்டிக்கு நாலு டயர்

இந்த ஊரில் வண்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், ஆடுகளுக்கு நடுவே மனிதர்களும் கொஞ்சம் பேர் வாழ்கிற சிறு நகரம் இது. நான் இங்கே ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். மலைச்சரிவில் ஏறி இறங்கப் பண்ணைக்காரர்கள் இப்போது மின்சார வண்டி வாங்கியிருக்கிறார்கள். கூரை உண்டு, கதவு கிடையாது, பின்னால் ஒரு தட்டு, தட்டில் ஒரு நாய். சத்தமே இல்லாததால் நாய் மூச்சு வாங்குவது கேட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன். இலங்கை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லொறி மூன்று வளைவுக்கு அப்பால் முக்கும்போதே, பாரத்தோடு வருகிறதா வெறுமனே வருகிறதா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இங்கே எதற்கும் முன்னறிவிப்பு இல்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. டயர் வாங்க வருகிறவரிடம் வண்டியைப் பற்றி முதலில் கேட்கக் கூடாது. “எந்த நிலத்தில் ஓடப் போகிறது?” என்றுதான் கேட்க வேண்டும். சேறா, சரளையா, புல்லா, சிமெந்தா, ஈரம் எத்தனை மாதம், எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் அலுமாரிப் பக்கம் திரும்புவோம். அடிக்கடி வருகிற கிரேம் என்ற கிழவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். ஒருநாள் அவர் என் கையுறையைப் பார்த்து, “பாவம், வெயில் நாட்டிலிருந்து வந்து இந்தக் குளிரில் மாட்டிக்கொண்டாய்” என்றார். எங்கள் ஊரிலும் சில காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும் என்றேன். நல்ல பகிடி என்று தோளில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார். இலங்கை என்றால் அவருக்குக் கடற்கரையும் தென்னை மரமும்தான். எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்து மலையை அவர் தலைக்குள் கொண்டுபோக எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

கணவரின் பின்னால் வந்தவள் நான். அவர் பிறகு வேறொரு நகரத்துக்கு, வேறொரு வாழ்க்கைக்குப் போய்விட்டார். நான் கடையோடு நின்றுவிட்டேன். பதினொரு வருடத்தில் ஒரு தடவையும் ஊருக்குப் போகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பார்த்து “வந்துட்டேன்” என்று சொல்வேன். அப்படியாவது அன்றைக்கு ஒரு தமிழ்ச் சொல் வாயிலிருந்து வரட்டும் என்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, தனிமை அப்படித்தான் இருக்கிறது.

போன மழைக்காலத்துக்கு முன் அண்ணன் பேசினார். பக்கத்து மலையில் பங்களாவை விடுதியாக்கியவர்கள், விருந்தாளிகளை ஏற்றித் திரிந்த மின்சார வண்டியை எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். நோயாளிகளைக் கீழே இறக்க இனி அதுதான். பேட்டரி நல்லது, டயர்தான் மொட்டை.

“நீதானே தங்கச்சி டயர் கடையில இருக்க, நீயே ஒன்னு சொல்லு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணி முழுகாம இருக்கா. ஆறு மாசம்” என்றார்.

அண்ணியின் முதல் பிரசவத்தன்று கொழுந்து லொறியில் அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அருவிக்குக் கீழே உள்ள வளைவில் லொறி சேற்றில் புதைந்தது. தேயிலை மிலாறுக் குச்சி, கல், சாக்கு, எதைப் போட்டும் சக்கரம் சுற்றியதே தவிர ஏறவில்லை. பிள்ளை லொறியிலேயே பிறந்து லொறியிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு இத்தனை வருடம் அண்ணிக்கு வயிறு திறக்கவில்லை.

அதனால் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சேற்றைக் கிழிக்கிற டயர் வேண்டும். ஆழமான பல், பல்லுக்குப் பல் அகன்ற இடைவெளி. அண்ணன் ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் டயர் கடையில் நின்றபடி போனில் என்னைப் பேச வைத்தார்.

நானா கேட்டார்: “ஏன் தங்கச்சி, அந்த ரோட்டு இப்ப எப்பிடி?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “சேறும் கல்லுந்தான் நானா. அந்த ரோட்ட எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்.”

“சரி, நீங்க சொன்னா சரி” என்றார் நானா. அண்ணன் காசு கொடுத்து நாலு டயரையும் வாங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி பேசினார். அண்ணியின் எடைக்குக் கொழுந்துச் சாக்கில் மண்ணை நிரப்பி வண்டியில் ஏற்றி ஒத்திகை பார்த்தாராம். இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பி, சாக்கு உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது.

“சேத்துல எப்படிண்ணே வழுக்கும்? அது சேத்து டயர்.”

“சேறு எங்க தங்கச்சி இருக்கு? கொங்கிரீட்டு போட்டு மூணு வருசமாச்சு. ஒனக்குப் படங்கூட அனுப்புனேனே.”

அனுப்பியிருந்தார். போனில் தேடிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பாதை, ஓரத்தில் சிரிக்கிற மனிதர்கள். அதற்குக் கீழே நான் போட்ட கட்டைவிரல். பார்க்காமலே போட்ட கட்டைவிரல்.

“அப்பவே சொல்லிருக்கலாம்ல அண்ணே!” என்று கத்தினேன்.

“நானா முன்னுக்கு ஒன்ன எப்படி இல்லன்னு சொல்றது? வெளிநாட்டுல அதே வேல செய்ற புள்ள, காரணமாத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஆட்டுக்காரன், மாட்டுக்காரன், முன்பின் தெரியாதவன் எல்லாரிடமும் எந்த நிலம் என்று கேட்கிற நான், கூடப் பிறந்தவரிடம் கேட்கவில்லை. என் ஊரைப் பற்றி நான் எதற்குக் கேட்க வேண்டும் என்கிற திமிர். ஈரக் கொங்கிரீட்டில் அந்த அகன்ற பல் தரையைச் சரியாகத் தொடாது. மின்சார வண்டியில் மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டாரும் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், வழுக்கல் இன்னும் கூடும். சாக்கு இருந்த இடத்தில் அண்ணி இருந்திருந்தால்? அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் கேட்டேன்: “அண்ணே, ரோட்டக் கொஞ்சம் காட்டுங்க.” அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே நடந்தார். பாசி எங்கே பிடித்திருக்கிறது, தண்ணீர் எங்கே குறுக்கே ஓடுகிறது, சரிவு எங்கே அதிகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பிள்ளையை இழந்த வளைவு எது என்று நான் கேட்கவுமில்லை, அவர் காட்டவுமில்லை. நெருக்கமான சின்னப் பல், மிருதுவான ரப்பர், காற்று கொஞ்சம் குறைவு என்று முடிவானது. ஓடின டயரைத் திருப்பி எடுக்காத நானா, புள்ளத்தாச்சிக்கு என்றதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

ஒத்திகையில் இந்த முறை சாக்கு அசையவில்லை.

அண்ணிக்கு வலி கண்டது அங்கே விடிந்த நேரம். இங்கே பகல் சாப்பாடு முடிந்திருந்தது. அண்ணன் என்னை வீடியோவில் அழைத்து, வண்டியின் முன்னால் போனைச் செருகிவிட்டிருந்தார். மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிய, தேயிலை இரண்டு பக்கமும் பின்னோக்கிப் போனது. அண்ணி பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு, “மெதுவாப் போங்க… இல்ல, வெரசாப் போங்க” என்றாள். கடையில் ஒரு டயரைப் பிடித்தபடி நின்ற என் கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது.

“இப்ப லைன் போயிரும். பயப்படாத” என்றார் அண்ணன். சொன்னபடியே படம் உறைந்தது.

எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. பிறகு அவர் குரல் மட்டும் வந்தது. “எறங்கிட்டோம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம். நர்சம்மா வந்துட்டாங்க.” கடை மூடும் முன்னே செய்தியும் வந்துவிட்டது. பெண் பிள்ளை. அது அழுத அழுகை போனில் எனக்கும் கேட்டது. நானும் அழுதேன்.

கிரேம் எப்போது வந்தார் என்று தெரியாது. என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். உறைந்து நின்ற படத்தை நான் சேமித்து வைத்திருந்தேன். ஒரு வளைவு, நனைந்த கொங்கிரீட், அதற்கு அப்பால் மூடுபனி.

“உன் ஊரா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அது எந்த வளைவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும் என்ற எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.