லோட்டாத் தண்ணீர் தளும்பாமல்

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு டெய்லர் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சாவுச் செய்தி சொன்னார்: "ஏகாம்பரம் அண்ணாத்தே பூட்டாருபா." கழுவின கையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

செவ்வாப்பேட்டையில் எங்கள் நாடக மன்றத்துக்கு நடிக்க ஆள் பொறுக்கியவர் அவர்தான். மற்ற நாளில் ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஞாயிறு மதியம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் நீதிபதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றிலோ நான்கிலோ, பொங்கல் நாடகத்துக்குத் தேர்வு என்று கேட்டு நானும் போனேன். படிப்பு எட்டாவது. பக்கவாட்டில் பார்த்தால் ஹீரோ மாதிரி இருப்பதாக எனக்கே ஓர் எண்ணம்.

வசனத்தாளை முன்கூட்டியே வாங்கி, செய்யுள் ஒப்பிக்கிற பழக்கத்தில் ஓர் எழுத்து விடாமல் உருப்போட்டேன். நிமிர்ந்து நின்று ஆரம்பித்தேன்: "அம்மா, நான் வந்துவிட்டேன், தழுதழுத்த குரலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா எங்கே அம்மா?" அடைப்புக்குறிக்குள் இருப்பது செய்யவேண்டியது, சொல்லவேண்டியதல்ல என்பது எட்டாவது வரை யாரும் சொல்லித் தராத பாடம். பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "திரை வுழுதுன்னும் சேத்து சொல்லிடுபா" என்றார் ஒருவர்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. குழாயடிப் பக்கம் அழைத்துப்போய்க் கேட்டார்: "ஊட்ல இன்னா சொல்லிகினு வந்தே?"

ஒன்றாவது படித்த என் மகள் கஸ்தூரி, எங்க நைனாதான் ஹீரோ என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதை அவரிடம் சொன்னபோதுதான் தழுதழுத்த குரல் தானாக வந்தது.

முதல் காட்சியில் செத்துப்போன அப்பாவாகப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அதற்கும் தேர்வு உண்டு. என்னைப் பெஞ்சில் மல்லாத்தி, நிறைந்த லோட்டாவைத் தூக்கி மார்பில் வைத்தார். மூன்று ஞாயிறு சட்டை நனைந்தது. நாலாவது ஞாயிறு நனையவில்லை.

ஆனால் பிணமாகப் படுக்கப்போகிறேன் என்று மகளிடம் எந்த வாயால் சொல்வது? அவரே வீட்டுக்கு வந்தார். "ஒங்க நைனா மூச்சு வுட்டா நாடகமே அவுட்டு. நீ முன்னால குந்திகினு அவரு நெஞ்சையே பாரு. ஆடிச்சின்னா என்னாண்ட சொல்லு" என்றார் கஸ்தூரியிடம்.

நாடகத்தன்று அவள் ஹீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். காட்சி முடிந்ததும் ஏகாம்பரத்திடம் ஓடிவந்து, "ஆடவே இல்ல மாமா" என்றாள், தானே மெடல் வாங்கியவள்போல. மறுநாளிலிருந்து தெருவில் அந்தப் பெருமைதான்.

இப்போது அவள் கையில் ஒரு குழந்தை. சேதி வந்த அந்த ஞாயிறு மதியம் அவளும் வந்திருந்தாள். ஏகாம்பரத்தைக் கிடத்தியிருந்த பெஞ்சருகே இருவரும் நின்றோம். அவள் எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் மாலைக்குக் கீழே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, "ஆடவே இல்ல நைனா" என்றாள்.

நடிப்பு எனக்குக் கடைசிவரை வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு கேள்விதான். கும்மிடிப்பூண்டியில் நான் கேட் காக்கிற கம்பெனியில் ஆள் எடுக்கும் நாட்களில், தேறாதவர்கள் தலைகுனிந்து வெளியே வருவார்கள். யாராவது பஸ் வந்தும் ஏறாமல் நின்றால், பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்கிறேன்:

"ஊட்ல இன்னா சொல்லிகினு வந்தே?"