சிவக்காத பெட்டி

ஜாஸ்மினுக்குப் பிடிவாதம் அதிகம். தினமும் ஏரியூரிலிருந்து பஸ் ஏறி ஒகேனக்கல் வந்து, பரிசல் சங்கத்து டிக்கெட் கொட்டகையில் லேப்டாப்பைத் திறப்பாள். ஓட்டிகளுக்கான வெப் பக்கம் அவள் பொறுப்பு. அருவி இரைச்சலில் விசில் கேட்காது; ஈரக்கையால் போனைத் தொட முடியாது. அதனால் ஓட்டிகள் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கரைக்குத் திரும்ப வேண்டும்.

வெப் பக்கத்தில் நிறம் காட்டும் பெட்டி ஒரு புரோகிராம் துண்டு; அதைச் செய்தவள் பெங்களூர் சுசித்ரா. மூடிய பெட்டி அது. வெளியே எழுதும் ஸ்டைல், அதாவது நிறம் சொல்லும் வரிகள், உள்ளே நுழையாது. அப்படியே விட்டால் வெறும் சாம்பல் நிறம். நிறம் கொடுக்கும் வழியைச் சுசித்ரா ஒரு குறிப்பில் எழுதி அனுப்பியிருந்தாள். ஜாஸ்மினா படிப்பாள்? ஸ்கிரிப்ட் எழுதிப் பூட்டை உடைத்து, உள்ளே நிறம் பூசிவிட்டாள். ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து பார்த்தபோது எல்லாம் பளிச்சென்றிருந்தது.

பதினொரு மணிக்குத் தண்ணீர் ஏறியது. சங்கத் தலைவர் காளியப்பன் தடை பட்டனை அழுத்தினார். பெட்டி தன்னைப் புதிதாக வரைந்துகொண்டது. பூசிய நிறம் போய்ச் சாம்பல் வந்தது.

"என்ன பாப்பா, செவக்கவே மாட்டேங்குது? நாலு பரிசல் உள்ள இருக்குது! ஒங்கண்ணன் அஞ்சு பேர ஏத்திக்கிட்டுப் போயிருக்கான்!"

ஜாஸ்மின் எதை எதையோ எழுதிப் பார்த்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுச் சுசித்ராவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உள்ள எப்படிக் கலர் குடுக்கறதுங்க? சீக்கிரம்!"

"பூட்ட ஒடைச்சியா? உள்ள இருக்கற பாகத்துக்குத் 'தடை'ன்னு ஒரு பேரு வெச்சு வெளிய விட்டிருக்கேனே. அந்தப் பேரச் சொல்லி ஸ்டைல் எழுது. பெட்டி எத்தன தடவ மாறினாலும் கலர் நிக்கும்."

இரண்டே வரிதான். ஏற்றினாள். ஓட்டிகளின் போன்கள் ஸ்டைல் ஃபைலை நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதிதாக எடுக்கும். அந்த ஒரு நிமிடம் அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நிறம் சிவந்தது; மூன்று பரிசல்கள் திரும்பின. நான்காவது வெகுநேரம் கழித்துப் பாறை வளைவில் தெரிந்தது. உயிர் வந்தது அவளுக்கு. அண்ணன் அருள்குமார் ஐந்து பேரையும் இறக்கிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தான்.

"பச்ச போயி சாம்பலாச்சு. நெட்டு இல்லன்னு நெனச்சு இன்னும் உள்ளதான் துடுப்பு போட்டேன்."

"என் தப்புண்ணா. குறிப்பப் படிக்கல."

அவன் கழுத்தில் போனோடு தொங்கிய ஈரக் கவரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினான்.

"இனிமே பரிசல்ல ஏறி உக்காந்துக்கிட்டு டெஸ்ட் பண்ணு."

ஜாஸ்மின் சுசித்ராவின் குறிப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.