மதலேனாளின் மதிய முறை

தங்கச்சிமடத்தில் மதலேனாள் உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். சோறு தின்னும்போது உட்கார்வாள். அதுவும் குத்தவைத்து, எந்நேரமும் எழுந்து ஓடத் தயாராக. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார்கள். அது சுத்தப் பொய். கல்யாணமான புதிதில் பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்த சோம்பேறிதான் அவள். மாமியார்க்காரி அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிப் போய்ச் சேர்ந்தாள். சக்கரம் பின்னால் வந்தது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், கடல் சீறிக்கொண்டிருந்த ஒரு காலையில், வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் கொடுத்திருந்த உருட்டுக்கட்டை நழுவியது. வள்ளம் அவள் புருஷன் சந்தியாகுவின் இடுப்பில் சாய்ந்தது. ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். எலும்பு கூடியது. கால் இரண்டும் யாருடையவோ போலக் கிடந்தன. இனிமேல் கடவுள் விட்ட வழி என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பட்ட காலிலே படும் என்பார்களே, அதுபோல இருந்த ஒற்றைப் பிள்ளையும் அதற்கு முந்தின வருஷம்தான் அம்மையில் போயிருந்தது.

அதற்கப்புறம் மதலேனாள் நிற்கவில்லை. விடியுமுன் கரைக்குப் போய் மீன் எடுப்பாள். விற்றது போக மிஞ்சியதைக் கீறி உப்புப் போட்டுக் காயவைப்பாள். சந்தை நாளில் கருவாட்டுக் கூடையோடு பாம்பனில் ரயிலேறிப் பரமக்குடியில் இறங்கி அபிராமம் வரைக்கும் போவாள். அங்கே வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்கள் கருவாட்டை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்பார்கள். "மோந்து பாத்ததுக்கே துட்டு கேக்கணும் ஒங்ககிட்ட" என்பாள். வாய்க்கு மட்டும் களைப்பே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், அடுப்பு, புருஷனைத் துடைத்துவிடுவது, முதுகில் புண் வராமல் அவனைப் புரட்டிப் போடுவது. அவள் இல்லாத நேரங்களில் பக்கத்து வீட்டுக் காலிதா வாசலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்தபடி ஒரு கண் பார்த்துக்கொள்வாள்.

தூக்கம் எப்போது போனது என்று மதலேனாளுக்கே தெரியாது. படுத்தால் கட்டை நழுவும் சத்தம் காதில் கேட்கும். எழுந்து நடப்பாள், தண்ணீர் குடிப்பாள், அவனைப் புரட்டுவாள், மறுபடி நடப்பாள். கோயிலுக்குப் போகாமல் இல்லை. போனாலும் பிரியதத்த மந்திரம் வாயில் ஓடும், மனசு காயப்போட்ட கருவாட்டைக் காக்கை கொத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆண்டவரிடம் அவளுக்குப் பேச்சுவார்த்தை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. மனு கொடுத்துவிட்டுப் பதில் வராமல் அலைகிறவளின் கோபம்தான் இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு நாள், ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும்போது அவள் கீழே பார்த்தாள். விழுந்துவிட்டால் இந்தக் கூடையைத் தூக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. பயமாகக்கூட இல்லை, பாய் விரித்து வைத்ததுபோல் இருந்தது தண்ணீர். அப்புறம், அவரைப் புரட்டிப் போட யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் அவளை அக்கரை சேர்த்தது. அன்று அபிராமத்தில் யார் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியவள் நேரே கோயிலுக்குப் போய் ஒரு நேர்ச்சை வைத்தாள்.

பெரிய வியாழனன்று காலைப் பூசை முடிந்ததும் ஆண்டவர் உடம்பாகிய தேவநற்கருணையைப் பக்கப் பீடத்தில் வைத்து, இடைவிடாமல் கண்விழித்து ஆராதிப்பது வழக்கம். ஆண்டவர் பாடுபடுவதற்கு முன் பூங்காவனத்தில் தனியாகக் கிடந்தாரே, அந்தத் துணைக்கு. தெருவுக்கு ஒரு மணி நேரம் முறை. உச்சி வெயில் முறைக்கு மட்டும் ஆள் சேராது. ஓடு கொதிக்கும், ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி வயிறு காந்தும். அந்த முறையை மதலேனாள் கேட்டு வாங்கினாள். முழங்காலைவிட்டு எழாமல், கண் மூடாமல் ஒரு முறை முழுக்க இருக்கிறேன், என் புருஷனை நடக்க வையும். இதுதான் நேர்ச்சை. அதைச் சந்தியாகுவிடமும் சொன்னாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி புள்ள" என்றான்.

கஷ்டமான முறைக்குத்தான் பலன் அதிகம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கருவாட்டு வியாபாரி போடுகிற கணக்கு.

அந்த வியாழக்கிழமை கடலுக்கு யாரும் போகவில்லை. சனிக்கிழமை வரைக்கும் வள்ளம் இறங்காது. ஆனாலும் வேலை குறையவில்லை. தண்ணீர் சுமந்து, புருஷனைக் குளிப்பாட்டி, காலிதாவை வாசலில் உட்காரவைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். முக்காடு போட்டு முன்வரிசையில் முழங்காலில் நின்றாள். தெருப் பெண்கள் பின்னால் செபமாலை சொன்னார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. "நடக்க வையும், நடக்க வையும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல் மெல்லத் தேய்ந்தது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. குனிந்தது தெரியும். நெற்றி தரையில் பட்டதும் தரை குளிர்ச்சியாக இருந்ததும் தெரியும்.

கடகடவென்று மரக்கட்டை தட்டும் சத்தத்தில் விழித்தாள். பெரிய வியாழன் பூசைக்குப்பின் மணி அடிக்க மாட்டார்கள், முறை மாறுவதற்குக் கட்டைதான் தட்டுவார்கள். அடுத்த தெருப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். முக்காடு ஒரு பக்கம் கிடந்தது. கன்னத்தில் எச்சில். முறை முழுக்கத் தூங்கியிருந்தாள்.

உபதேசியாரின் சம்சாரம் தலைமாட்டில் நின்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதற்கென்றே படைத்த அம்மாள் அது.

"நேந்துக்கிட்டவ இப்படியா கெடப்பா? ஒரு மணி நேரம் முழிச்சிருக்க மாட்டீங்களான்னு ஆண்டவரு அன்னைக்குச் சீடருங்களக் கேட்டதும் இதத்தான!"

மதலேனாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் காலிதா ஓலையைக் கீழே வைத்தாள். "என்ன மதலேனு, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

உள்ளேயிருந்து சந்தியாகு கேட்டான்: "முடிச்சிட்டியா புள்ள?"

"முடிச்சிட்டேன்" என்றாள். பெரிய வியாழனும் அதுவுமாகப் பொய்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. தன் கையாலேயே அவன் காலை வெட்டிப்போட்டதாக அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை பாடுகளின் வழிபாடு முழுக்க முழங்காலில் நின்றாள். முட்டி தோல் உரிந்தது. சிலுவை முத்தி செய்யும்போது பாதத்தில் உதட்டை வைத்தாளே தவிர முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

சாமியார் களைத்துப்போயிருந்தார். "அப்போஸ்தலர் மூணு பேரும் அன்னைக்குத் தூங்கத்தானே செஞ்சாங்க, மகளே? அவங்களை ஆண்டவர் தள்ளிவிட்டாரா? பொய் சொன்னதுக்கு மூணு பிரியதத்தம் சொல்லு. சமாதானமாப் போ."

மூன்றா! மதலேனாளுக்குக் கோபம் வந்தது. முப்பது என்றாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பாள். பாவத்தைச் சாமியார் மன்னிப்பார்; கைவிட்டுப்போன வரத்தை யார் திருப்பித் தருவார்கள்? வீட்டுக்கும் கரைக்குமாக நடந்தாள். கழுவிய சட்டியையே கழுவினாள். காலிதா பொறுக்கமாட்டாமல் விஷயத்தைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "படச்சவன் தராசப் பிடிச்சுக்கிட்டா ஒக்காந்துருக்கான்? போய் ஒம் புருசங்கிட்டச் சொல்லு. மனசு லேசாகும்" என்றாள். அதற்குத்தான் மதலேனாளுக்குத் தைரியம் இல்லை.

அந்தக் காலத்தில், ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடும் அல்லேலூயாப் பூசை சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். பூசை நடுவில் இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த மணிகள் ஒன்றாக முழங்கின. பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். மதலேனாளுக்கு உள்ளே ஒன்றும் முழங்கவில்லை. பூசை முடிந்ததும் முடியாததுமாக வீட்டுக்கு வந்தாள்.

சந்தியாகு முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. நேர்ச்சையை நம்பி எழுந்து பார்க்கிறான் என்று நினைத்தாள்.

"வேணாம்! நடக்காது! நாந்தான் கெடுத்துட்டேன்." வாசற்படியிலேயே விழுந்து அழுதாள். "நான் முழிக்கல. அங்கன விழுந்து தூங்கிட்டேன். ஒங்க காலு என்னாலதான் போச்சு."

சந்தியாகு கையை விட்டுப் படுத்தான்.

"சொம்ப எடுக்கத்தான் எந்திரிச்சேன் புள்ள" என்றான். பிறகு, "எம்புட்டு நேரம் தூங்குன?"

"கட்ட தட்டுற வரைக்கும்."

"நெசமாவா? நடுவுல முழிக்காமயா?"

"திட்டணும்னா திட்டுங்க. கேள்வி கேட்டுக் கொல்லாதீங்க."

அவன் முகம் கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"என் காலக் கேட்டு நான் ஓஞ்சு ரொம்ப நாளாச்சு. நீ எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கயில நானும் முழிச்சுத்தான் கெடப்பேன். சுவத்தப் பாத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஆண்டவரே, இவ ஒரு மணி நேரமாச்சும் அசந்து தூங்கட்டும். அன்னைக்கு நீ கோயிலுக்குப் போனபொறகும் அதத்தான் கேட்டேன். எனக்காக முட்டி போட்டிருக்காளே, இவளுக்காக யாரு போடுவான்னு."

மதலேனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதலில் வந்தது கோபம்தான்.

"அப்ப என் நேர்ச்சைய அழிச்சது நீங்கதானா?"

"நாந்தான்" என்றான் சந்தியாகு, பெருமையாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் கோணி அழுகையாயிற்று. வியாழக்கிழமை தரையின் குளிர்ச்சி நெற்றியில் மறுபடி பட்டதுபோல் இருந்தது. அன்று ஆண்டவர் தன்னைத் தள்ளிவிட்டார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்; தள்ளவில்லை, படுக்கவைத்திருக்கிறார். அந்தக் காலைக்குப் பிறகு அவள் பாலத்தில் எத்தனையோ தடவை போனாள், கீழே பார்க்கவில்லை. சந்தியாகு கடைசிவரை நடக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கிடந்தபடியே கிழிந்த வலை பொத்தக் கற்றுக்கொண்டான், இன்னும் பல வருஷம் இருந்தான்.

அந்தச் சனிக்கிழமை அவள் கருவாட்டைத் திருப்பிப்போடப் போகவில்லை. பட்டப்பகலில் அவன் பக்கத்தில் பாயை விரித்தாள். கோயில் இருந்த திசையைப் பார்த்து, கொஞ்சம் விறைப்பாகவே, "சரி. ரெண்டு பேருல ஒருத்தரு கேட்டதக் குடுத்துட்டீரு" என்றாள். கையைத் தலைக்குக் கொடுத்துக் கண்ணை மூடினாள்.

சந்தியாகு பனையோலை விசிறியை எட்டி எடுத்து, அவள் முகத்தில் ஈ மொய்க்காமல் சாயங்காலம் வரைக்கும் வீசிக்கொண்டிருந்தான்.