பூட்டிய அறையிலிருந்து சொன்னவள்

சிவகாமசுந்தரிக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியது மெர்டேக்காவுக்கு, நாட்டுச் சுதந்திரத்துக்கு, இரண்டு மூன்று வருஷம் முந்தி. ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலைக் கடை வைத்திருந்த அவள் கணவன் மாணிக்கவாசகம் கோயிலுக்கு அழைத்துப்போனான், மந்திரித்த கயிறு கட்டினான், வேப்பிலை அடியும் அடிக்க வைத்தான். எதற்கும் அடங்காமல் போன பிறகுதான் வடக்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரி. அங்கே புதிதாய் வந்திருந்த மாத்திரை கொடுத்தார்கள். சுதந்திரம் வந்த வருஷம் அவள் தெளிந்து காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்குத் திரும்பினாள்.

தெளிந்தது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. சிரித்தால் பைத்தியம் திரும்பிவிட்டது என்றார்கள். பேசாமல் இருந்தால் பேயோடு பேசுகிறாள் என்றார்கள். தெருப் பிள்ளைகள் ‘ஓராங் கிலா’, பைத்தியம் என்று மலாயில் கத்திவிட்டு ஓடின. கணவனின் அக்கா பாக்கியலட்சுமி அரிவாள்மனையைத் தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாள். கோபப்படக்கூட வழியில்லை, கோபப்பட்டால் மறுபடி ஆஸ்பத்திரிப் பேச்சு வரும்.

மாணிக்கவாசகத்தின் தங்கை கோகிலாவைப் பெண் பார்க்க மூவாரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காத்துக்கருப்பு அண்டின வீடு என்று ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. அதனால் அன்று சுந்தரியைப் பின்னறையில் இருக்கச் சொல்லி, வெளியே பூட்டினான் மாணிக்கவாசகம். கொஞ்ச நேரம்தான் என்றான்.

பலகைச் சந்து வழியே அடுப்படி தெரிந்தது. பஜ்ஜி சுட்ட எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பாக்கியலட்சுமி தட்டோடு கூடத்துக்குப் போயிருந்தாள். எண்ணெய் புகைந்து, குப்பென்று பற்றியது.

சுந்தரி கதவைத் தட்டினாள். “அக்கா, அடுப்படி எரியுது.”

கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு ரேடியோ சத்தம் கூடியது. கத்தினால் கிறுக்கு என்பார்கள் என்று குரலை அடக்கி, நிதானமாக இன்னொரு முறை சொன்னாள். யாரும் வரவில்லை. கதவிடுக்கில் புகை நுழைந்ததும் நிதானம் போய்விட்டது. கைவலிக்கக் கதவை அறைந்து அலறினாள்.

புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் ஓடிவந்தார்கள். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார்கள். அவள் கதவு கடைசியில்தான் திறந்தது.

பைத்தியக்காரி கொளுத்திவிட்டாள் என்று அன்றே தெரு முழுக்கப் பேச்சு. பாக்கியலட்சுமி இல்லையென்று சொல்லவில்லை.

“நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும்” என்றான் மாணிக்கவாசகம்.

“அப்போ அதை வெளிய போய்ச் சொல்லுங்க.”

“பொண்டாட்டியைப் பூட்டி வச்சேன்னு எப்படிச் சொல்றது? கோகிலா கல்யாணம் முடியட்டும்.”

மூவார்க்காரர்கள் சம்மதித்தார்கள், சுந்தரி மணவறைப் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. கல்யாணம் முடிந்தது. ஆறிப்போனதை எதற்குக் கிளறுவது என்று மாணிக்கவாசகம் கடைக்குக் கிளம்பினான்.

கடைசியில் அவளே பக்கத்து வீட்டில் இருந்த, தமிழ் மறந்து மலாய் மட்டுமே பேசும் செட்டிப் பெண்ணிடம் போனாள். தீப்பிடித்தபோது தன்னை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பூட்டி வைத்தே இப்படி என்றால் திறந்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

சுந்தரி வீட்டுக்கு வந்து பின்னறைக்குள் போனாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.