தோளுக்கு மேலே எழுந்த கை

பஸ் டிரைவரின் மனைவி ரெடிமேட் கம்பெனியில் காலர் தைப்பவள். பக்கவாதம் வந்து புருஷனின் வலது கை துவண்டு விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையால் அடி வாங்கியவள். தெருவுக்கே தெரியும்.

"இனிமேலாவது நிம்மதியா இரு" என்று பக்கத்து வீட்டுக்காரி காதோடு காதாகச் சொன்னாள். இவளால் முடியவில்லை. ஊட்டியது கடைவாயில் வழிய, அவர் குழந்தை மாதிரி அழுததில் மனசு இளகிப்போனாள்.

பிசியோதெரபி செய்யும் பெண் வாரம் இருமுறை வந்தாள். "தினமும் ஒரு மணி நேரம் நல்ல கையைத் துணியால கட்டிடுங்கக்கா. வேற வழியில்லைன்னாதான் இந்தக் கை வேலை செய்யும்."

கட்டினாள். துண்டால் மேஜையைத் துடைக்க வைத்தாள்; கொடிக்கயிற்றில் கிளிப் மாட்ட வைத்தாள். அவர் வாய்க்கு வந்தபடி வைதார். அவள் விடவில்லை. மூன்றாம் மாதம் விரல்கள் மடங்கின, விரியவில்லை.

"மடக்குறதுதான்கா முதல்ல வரும்" என்றாள் அந்தப் பெண்.

ஏழாம் மாதம் ஒரு காலை. சட்டை மாட்டிவிடும்போது தோளைச் சற்று வேகமாக இழுத்துவிட்டாள். வலது கை எழுந்து அவள் காதோரம் விழுந்தது. பழைய பலத்தில் கால்வாசிகூட இல்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அவரோ கையையே பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியாடி! தோளுக்கு மேல வந்துடுச்சு! அக்காவுக்குப் போன் போடு!"

போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பிசியோ பெண் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து அசந்துபோனாள். "எல்லாம் உங்க உழைப்புதான்கா."

"ஆமாம்மா. என்னோடதுதான்."

அடுத்த திங்கட்கிழமையே கம்பெனிக்குப் போய்விட்டாள். "எனக்குத்தான் கை வந்துடுச்சே" என்று அவரும் பிசியோ பெண்ணை நிறுத்திவிட்டார். காலையில் கிளிப்புகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வைத்தது வைத்தபடி கிடக்கும். டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஏனென்று அவள் கேட்கவில்லை. நாலே மாதத்தில் முழங்கை இறுகி, கை மார்போடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய அக்கா வந்து ஒரு பாட்டம் அழுதாள். "நல்லா வந்துக்கிட்டிருந்த கை! நீ கூட இருந்து பாத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்காது அண்ணி."

இவள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்து, ஷிப்டுக்கு நேரமாகிறதென்று செருப்பை மாட்டினாள்.